இடது தோளில் மதனப்பள்ளித் தழும்பு

சித்தூர்ச் சீமையின் பாறைக்காட்டில் 1915-ல் எழுந்த ஒரு காசநோய் மருத்துவமனை இந்த நாட்டுக்கு என்ன கொடுத்தது? அத்தகைய மருத்துவமனைகளின் காலத்தை முடித்துவைத்தபோது நாம் எதைத் தொலைத்தோம்?

சட்டைக் கையைக் கொஞ்சம் மேலேற்றிப் பாருங்கள். உங்களில் பெரும்பாலோருக்கு இடது தோளுக்குச் சற்றுக் கீழே, பட்டாணி அளவில் ஒரு வட்டத் தழும்பு இருக்கும். பிறந்த ஓரிரு நாளில் மருத்துவமனையிலேயே போட்டு அனுப்பும் பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. முதலில் சின்னக் கொப்புளம், சில வாரங்களில் கொஞ்சம் சீழ், பிறகு தானாக ஆறித் தழும்பு. 'மருந்து கிருந்து போடாதே, அதுவா ஆறிடும்' என்று பாட்டிகள் காவல் காத்த புண்.

இந்த ஊசி இந்தியாவில் முதன்முதலாகப் போடப்பட்டது 1948 ஆகஸ்டில், மதனப்பள்ளியில். அன்றைக்கு அது மதறாஸ் மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். டெல்லி, பம்பாய், மதறாஸ் என்று பெரிய ஊர்கள் இருக்க, ஏன் இந்தச் சின்ன ஊர்? ஊருக்கு வெளியே சில கிலோமீட்டரில் ஆரோக்கியவரம் என்ற காசநோய் சானடோரியம் இருந்ததுதான் காரணம்.

திருப்பதியிலிருந்து சந்திரகிரியைத் தாண்டி, பாக்கராப்பேட்டைக் கணவாயில் வளைந்து ஏறி, பீலேரு, வாயல்பாடு வழியாகப் போனால் மதனப்பள்ளி வரும். மலையேறிச் சாமி கும்பிடப் போகும் நம் கூட்டம் இந்தப் பக்கம் திரும்புவது அபூர்வம். தக்காளி விலை ஏறும் மாதங்களில் மட்டும் கோயம்பேட்டுச் செய்திகளில் இந்தப் பெயர் அடிபடும். கடல்மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேல் அமைந்த ஊர். மழை குறைவு, காற்று வறண்டது, பக்கத்திலேயே ஹார்ஸ்லி மலை. ஜே.கிருஷ்ணமூர்த்தி பிறந்தது இங்கேதான். 1919-ல் ஓய்வுக்காக வந்து தங்கிய தாகூர், 'ஜன கண மன'வை ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதியதும் இந்த ஊர்க் கல்லூரியில்தான்.

சித்தூர் மாவட்டம் பிறந்தது 1911-ல். அதுவரை சித்தூரே வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. வட ஆற்காட்டின் சில தாலுகாக்களையும் கடப்பை மாவட்டத்தின் மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் சேர்த்துப் புதிய மாவட்டம் அமைத்தார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் பூமி. இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் கன்னடம். 2022-ல் ஆந்திர அரசு மாவட்டங்களைப் பிரித்தபோது, திருப்பதி தனி மாவட்டமானது. மதனப்பள்ளியும் சித்தூரை விட்டுப் போனது. ஆனால் இந்தக் கதை நடந்த காலம் முழுவதும் அது சித்தூர் மாவட்டத்துக் கதை.

ஒரு நோயும் ஒரு டேனிஷ் டாக்டரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் க்ஷயரோகம் என்று சொன்னால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். எலும்புருக்கி நோய் என்று நாட்டுப்புறத்தில் சொன்னார்கள். 1882-லேயே ராபர்ட் காக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். அதைக் கொல்ல மருந்து வர இன்னும் அறுபது வருடங்களுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பிய டாக்டர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் சானடோரியம்: நல்ல காற்று, முழு ஓய்வு, தெம்பான சாப்பாடு. இந்தியாவில் இதன் முதல் முயற்சி 1906-ல் ராஜஸ்தானத்துத் திலோனியாவில் நடந்தது. (கைவிடப்பட்ட அந்தக் கட்டடங்களில்தான் 1972-ல் பங்கர் ராய் தன் புகழ்பெற்ற வெறுங்கால் கல்லூரியைத் தொடங்கினார்.) வடக்கே இமயமலை அடிவாரத்திலும் சில சானடோரியங்கள் வந்தன. தெற்கே ஒன்றுமில்லை.

மதனப்பள்ளி ஆற்காடு மிஷனின் வேலைக்களம். வேலூரில் ஐடா ஸ்கடர் கட்டியெழுப்பிய மருத்துவமனையின் வேர் இருப்பதும் அதே அமெரிக்க மிஷனில்தான். அந்த மிஷனைச் சேர்ந்த டாக்டர் லூயிசா ஹார்ட் மதனப்பள்ளியில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்துவந்தார். தென்னிந்தியாவில் இயங்கிய பல புராட்டஸ்டன்ட் மிஷன்கள் கூடிப் பேசி, காசநோய்க்கென்று பொதுவாக ஓர் இடம் வேண்டும், ஒவ்வொரு மிஷனும் தனித்தனியாகக் கட்டக் கட்டுப்படியாகாது, சேர்ந்து கட்டுவோம் என்று முடிவெடுத்தன. அதனால்தான் அதன் பெயர் 'யூனியன் மிஷன் டியூபர்குலோசிஸ் சானடோரியம்'. பொறுப்பேற்க வந்தவர் தென்னாற்காட்டுப் பக்கம் வேலை செய்துவந்த டேனிஷ் மிஷனின் டாக்டர், கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோல்லர்.

1912-ல் மதனப்பள்ளியில் தற்காலிகமாகத் தொடங்கி, 1915-ல் ஆரோக்கியவரத்துச் சொந்த இடத்துக்கு மாறினார்கள். இன்றைக்குத் திருப்பதியில் எஸ்.வி. மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பர்ட் இருக்கிறது, ஸ்விம்ஸ் இருக்கிறது. சித்தூருக்குப் பக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி.யின் கிளை இருக்கிறது. வேலூர், திருவள்ளூர் ஜனங்கள் எல்லை தாண்டிப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்வது இப்போது சாதாரணம். இவற்றில் மூத்ததான எஸ்.வி. மருத்துவக் கல்லூரியே 1960-ல் வந்ததுதான். அதற்கு 45 வருடங்கள் முன்பே, ரயிலைப் பிடித்து நம் ஆட்கள் போன இடம் ஆரோக்கியவரம்.

ரயில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. விழுப்புரத்தில் கிளம்பி, திருவண்ணாமலை, காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தர்மவரம் வரை ஒரே மீட்டர் கேஜ் பாதை அப்போது இருந்தது. தெற்கேயிருந்து வருபவர்களுக்கு அந்தப் பாதையில் 'மதனப்பள்ளி ரோடு' என்று ஒரு ஸ்டேஷன். பெயர்தான் அப்படி, ஊர் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இருமிக்கொண்டு இறங்குகிறவருக்கு அதற்கு மேல் மாட்டுவண்டி. வரும்போது கூட வந்த உறவினர் சில நாளில் திரும்பிவிடுவார். நோயாளி மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் தங்குவார்.

படுத்திருப்பதே வைத்தியம்

மருந்தில்லாத வைத்தியத்தில் எல்லாமே ஒழுங்குதான். காற்று நேராக உள்ளே வரும்படி திறந்த வராந்தாக்கள். ஓய்வு நேரத்தில் பேச்சுகூடக் கூடாது. காலையும் மாலையும் உடம்புச் சூடு பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். ஜுரம் தணிந்து எடை கூடினால், முதலில் எழுந்து உட்கார அனுமதி, பிறகு கொஞ்சம் நடை, பிறகு தினமும் நடை தூரம் சிறிது சிறிதாகக் கூடும். திரும்ப ஜுரம் எட்டிப்பார்த்தால் மறுபடி படுக்கை. சளியைக் கண்ட இடத்தில் துப்பக் கூடாது. மூடியுள்ள கிண்ணத்தில் துப்பி, அது தனியாக அழிக்கப்படும். பால், முட்டை என்று சத்தான சாப்பாடு. எடை பார்க்கும் நாள் வந்தால், அரை ராத்தல் கூடியிருக்கிறதா என்ற கவலை ஒவ்வொரு முகத்திலும் இருக்கும்.

இதற்கு மேல் டாக்டர்கள் செய்யக்கூடியதாக இருந்தது 'ஏ.பி.'. செயற்கையாக நெஞ்சுக்குள் காற்றேற்றும் முறை. இன்றைக்குக் கேட்டால் நெஞ்சு பதறும். நோயில்லாத பக்கம் கீழே இருக்கும்படி நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். மேல் கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டால் விலா இடுக்குகள் விரியும். அங்கே மரத்துப்போக மருந்து போட்டு, ஊசியை நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளிக்குள் செலுத்துவார்கள். ஊசியோடு இணைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர்மட்டம் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கினால், ஊசி சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அசையாமல் நின்றால் தவறான இடம்; காற்றை ஏற்றவே கூடாது. பிறகு ரப்பர் குழாயால் இணைத்த இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஒன்றை உயர்த்த, தண்ணீர் மற்றதுக்கு இறங்கி, அதிலிருந்த காற்றை மெல்ல நெஞ்சுக்குள் தள்ளும். சில நூறு மில்லிலிட்டர் காற்று. நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கும், அதிலுள்ள பொத்தல் மூடிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. காற்றை உடம்பு உறிஞ்சிக்கொள்வதால் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி ஏற்ற வேண்டும். இப்படி இரண்டு, மூன்று வருடங்கள்.

இதில் பிழைத்தவர்கள் இருந்தார்கள். பிழைக்காதவர்களும் நிறைய இருந்தார்கள். நோய் முற்றிப் போய்க் கடைசி நம்பிக்கையாக வந்தவர்களுக்கு எந்தச் சானடோரியமும் அதிகம் செய்ய முடியவில்லை. அதைவிடப் பெரிய குறை, இந்த வைத்தியம் யாருக்குக் கிடைத்தது என்பதில் இருந்தது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946-ல் வெளிவந்த போர் (Bhore) கமிட்டி அறிக்கையைப் படித்தால் கணக்கு கண் முன்னால் நிற்கும். நாட்டில் சிகிச்சை தேவைப்பட்ட காசநோயாளிகள் சுமார் 25 லட்சம். ஆண்டுதோறும் சாகிறவர்கள் சுமார் 5 லட்சம். காசநோய்க்கென இருந்த படுக்கைகள் ஏறக்குறைய 6,000. ஒரு படுக்கைக்கு நானூறு பேருக்கு மேல்! ஒரு நோயாளி ஒரு வருடம் தங்கினால், வாசலில் நிற்கும் மீதிப் பேர் வீட்டில் கிடந்து சாக வேண்டியதுதான்.

ஆரோக்கியவரத்து டாக்டர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். அந்த மருத்துவமனை மேல் எனக்குப் பெரிய மதிப்பு ஏற்படுவது இந்த இடத்தில்தான். அவர்கள் கட்டில்களோடு நிற்கவில்லை. மற்ற ஊர்களிலிருந்து டாக்டர்களை வரவழைத்துக் காசநோய் வைத்தியத்தில் பயிற்சி கொடுத்தார்கள். குணமாகியும் வீட்டுக்குத் திரும்ப முடியாதவர்கள், பழைய வேலையைச் செய்யத் தெம்பில்லாதவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காகச் சானடோரியத்தை ஒட்டியே ஒரு குடியிருப்பை உருவாக்கி, உடம்புக்கு ஏற்ற வேலையும் கொடுத்தார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1939-ல் இந்தியக் காசநோய்ச் சங்கம் அமைந்தபோது, அதன் மருத்துவ ஆணையராகக் கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோல்லரை அழைத்துக்கொண்டார்கள். சானடோரியத்தின் பொறுப்பு, அவரோடு அங்கேயே வேலை பார்த்துத் தேறிய டாக்டர் பி.வி.பெஞ்சமினிடம் வந்தது. பெஞ்சமின் பிற்பாடு மத்திய அரசின் காசநோய் ஆலோசகராகி, சுதந்திர இந்தியாவின் காசநோய்க் கொள்கைக்கே அடித்தளம் போட்டவர். 1955-ல் பத்மஸ்ரீ பெற்றார். மதனப்பள்ளியில் ஃப்ரிமோட் மோல்லரின் மகன் ஜோஹானஸ் தந்தையின் வேலையைத் தொடர்ந்தார்.

ஊசி வந்தது, கேள்வியும் வந்தது

1948. புதுமைப்பித்தன் காசநோயில் செத்த வருடம் அது. சினிமா வேலைக்காகப் புனே போன இடத்தில் நோய் முற்றி, திருவனந்தபுரத்தில் வந்து முடிந்தது அந்த வாழ்க்கை. வயது 42. ஸ்ட்ரெப்டோமைசின் மேல்நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டுச் சில வருடங்களே ஆகியிருந்தன. நம் நாட்டுச் சாமானியர்களுக்கு அது எட்டாத பொருள்.

அதே வருடம் கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பு மருந்து தயாரிக்கும் ஆய்வுக்கூடம் தொடங்கியது. ஆகஸ்டில் மதனப்பள்ளியில் முதல் ஊசி. அடுத்த வருடம் ஸ்கண்டிநேவிய நாட்டுத் தொண்டு நிறுவனங்களும் யூனிசெஃபும் சேர்ந்த சர்வதேசக் காசநோய் இயக்கம் பல மாநிலங்களுக்குப் பரவியது. 1951-லிருந்து பெரும் அளவில் ஊர் ஊராகப் போனார்கள். முதலில் கையில் டியூபர்குலின் சோதனை. மூன்று நாள் கழித்துத் தடிப்பை மில்லிமீட்டரில் அளந்து, தடிப்பு வராதவர்களுக்கு மட்டும் பி.சி.ஜி.

எல்லோரும் கையை நீட்டிவிடவில்லை. மதறாஸில் எதிர்ப்புக் குரல் தொடக்கத்திலேயே எழுந்தது. 1955-ல் ராஜாஜியே களத்தில் இறங்கினார். ஆரோக்கியமான கோடிக்கணக்கான குழந்தைகள் உடம்பில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதா, இது பலன் தரும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டு எழுதினார், பேசினார், தனி வெளியீடே கொண்டுவந்தார். நேருவின் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கவுரின் திட்டத்துக்கு எதிராக, மூத்த காங்கிரஸ் தலைவர் ஒருவர் இப்படி இறங்கியது பெரிய பரபரப்பு. ராஜாஜியின் பயம் மிகையானது; ஊசியால் பெரிய ஆபத்து எதுவும் வரவில்லை. ஆனால் ஆதாரம் எங்கே என்ற அவருடைய கேள்வி நியாயமானது.

அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் தேடிக்கொண்டிருந்தது வேறு யாருமில்லை, ஊசியை முதலில் போட்ட அதே மதனப்பள்ளிதான். 1950-ல் ஜோஹானஸ் ஃப்ரிமோட் மோல்லரும் அவருடைய குழுவும் மதனப்பள்ளி ஊரையும் சுற்றியுள்ள கிராமங்களையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய் ஆட்களைக் கணக்கெடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். சந்தேகப்பட்டவர்களின் சளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயமேற்றி, நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும் கிருமிகளைத் தேடினார்கள். சில வருடம் கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பப் போனார்கள். கல்யாணமாகிப் போனவர்கள், பிழைக்கப் பெங்களூர் போனவர்கள், செத்துப்போனவர்கள் என்று ஒவ்வொருவரையும் பதிவில் திருத்திக்கொண்டே வர வேண்டும். கிராமப்புற இந்தியாவில் அந்தக் காலத்தில் இதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. காசநோய் நகரத்து நெரிசலின் நோய், கிராமத்துக்காரன் தப்பித்துக்கொள்வான் என்று பலர் நம்பியிருந்த நேரம் அது. 1955 முதல் 1958 வரை நாடு முழுவதும் நடந்த மாதிரிக் கணக்கெடுப்பு, கிராமமும் நகரமும் ஏறக்குறைய ஒரே அளவில் பாதிக்கப்பட்டிருப்பதைக் காட்டியபோது, கிராமத்தில் இறங்கி எண்ணத் தொடங்கிய மதனப்பள்ளிக்காரர்களின் வழி சரி என்று ஆனது.

இந்த மக்களில் பி.சி.ஜி. போட்டவர்கள், போடாதவர்கள் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவுகளை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார்கள். எதிர்பார்த்த பாதுகாப்பு கிடைக்கவில்லை. தொடக்கத்தில் தெரிந்த பலனும் வருடங்கள் போகப் போக மங்கியது. தாங்களே அறிமுகப்படுத்திய ஊசியைப் பற்றித் தாங்களே இப்படி எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்! பின்னால் 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்னும் பெரிய அளவில் ஒரு சோதனை தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று அது சொன்னபோது உலகமே அதிர்ந்தது. மதனப்பள்ளியைக் கவனித்து வந்தவர்களுக்கு அது முழு அதிர்ச்சியாக இருந்திருக்காது. சின்னக் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும், உடம்பெங்கும் பரவும் கொடிய காசநோயிலிருந்தும் பி.சி.ஜி. காப்பாற்றுகிறது. இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் போடுவது அதற்காகத்தான்.

மதறாஸிலிருந்து வந்த தீர்ப்பு

சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்ததும் நம்மூர் ஆராய்ச்சிதான். 1952-ல் ஐசோனியசிட் மாத்திரை வந்தது. விலை குறைவு, விழுங்கினால் போதும். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதறாஸ் அரசு நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: நோயாளியைச் சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பதும், சேரியிலுள்ள அவருடைய வீட்டிலேயே வைத்து அதே மருந்தைக் கொடுப்பதும் ஒன்றா?

193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் வீட்டில். சானடோரியத்தில் ஓய்வு, நல்ல சாப்பாடு, நர்ஸ் கவனிப்பு. வீட்டில் நெரிசல், அரைவயிற்றுக் கஞ்சி, சீக்கிரமே திரும்ப வேலை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலன். கூட இருந்த குடும்பத்தாருக்கும் வீட்டுச் சிகிச்சையால் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் பிறகு தெளிவானது. 1959-ல் இந்த முடிவு வெளிவந்ததும், உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. டேவிட் சவுரிமுத்து 1928-ல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அரசு மருத்துவமனையாக மாறி இன்றும் இயங்குகிறது; மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அது ஒரு ஸ்டேஷனின் பெயர். ஆரோக்கியவரமும் காசநோயை மட்டும் நம்பியிருக்க முடியாமல், சுற்றுவட்டார மக்களுக்கான பொது மருத்துவமனையாகவும் நர்ஸ் பயிற்சி நிலையமாகவும் மாறியது. ஆரோக்கியவரம் மெடிக்கல் சென்டர் என்று இன்றும் அதே இடத்தில் இருக்கிறது.

மதறாஸ் ஆய்வு சொன்னது சரியான தீர்ப்பு. அதனால் பிழைத்த உயிர்கள் கோடிக்கணக்கில். ஆறாயிரம் கட்டில்களுக்காகக் காத்துக்கிடந்த 25 லட்சம் பேருக்கு அது கதவைத் திறந்துவிட்டது. சானடோரியக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் சானடோரியத்தின் சுவர்களை இடித்தபோது, உள்ளே இருந்த மூன்று விஷயங்களையும் சேர்த்து வெளியே கொட்டிவிட்டோம்: சாப்பாடு, தேவைப்பட்டவருக்குப் படுக்கை, குணமானவருக்குப் பிழைப்பு. மாத்திரை இருக்கிறது, அது போதும் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் திட்டங்கள் ஓடின. மாத்திரை கிருமியைக் கொல்லும். ஆனால் அது உள்ளே போய் வேலை செய்ய, உடம்பில் கொஞ்சமாவது தெம்பு இருக்க வேண்டுமே.

சாப்பாட்டுக்கான பதில் 2023-ல் வந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 'ரேஷன்ஸ்' என்ற பெயரில் நடந்த ஆய்வு, 2,800 நோயாளிகளையும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் எடுத்துக்கொண்டது. நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதி வீடுகளில் மற்றவர்களுக்கும் அரிசி, பருப்பு, வைட்டமின் மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் பார்த்தால் 48 சதவீதம். ஒரு தடுப்பூசி செய்ய வேண்டிய வேலையை அரிசியும் பருப்பும் செய்திருக்கின்றன. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 சதவீதம் குறைவு. ஆரோக்கியவரத்தில் வாரந்தோறும் எடை பார்த்துக் குறித்துவைத்தார்களே, அந்தப் பழைய டாக்டர்களுக்கு மருந்து தெரியாமல் இருந்திருக்கலாம். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நிக்ஷய் போஷண் திட்டத்தில் 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் கொடுத்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். நல்ல காரியம்தான். ஆனால் பாலும் முட்டையும் விற்கிற விலையில், வேலைக்குப் போக முடியாமல் படுத்திருக்கும் ஒருவர் வீட்டில் அந்த ஆயிரம் ரூபாய் யார் வயிற்றுக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூட இருக்கும் குடும்பத்துக்கும் பொருளாகவே கொடுத்தால்தான் ஜார்க்கண்ட் கண்ட பலன் கிடைக்கும்.

படுக்கையைத் தமிழ்நாடு திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' செய்வது இதுதான்: நோய் கண்டவுடன் ஒவ்வொருவரின் எடை, உயரம், மூச்சுத் திணறல், கால் வீக்கம், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்பதைப் பார்ப்பது, மிகவும் நலிந்திருப்பவர்களை மட்டும் உடனே மருத்துவமனையில் சேர்ப்பது. காசநோய் மரணங்களில் பெரும்பங்கு சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே நடக்கிறது. அந்த வாரங்களைக் கடத்திவிட்டால் வீட்டில் மாத்திரை போதும். எல்லோருக்கும் கட்டில் தேவையில்லை என்பதை 1959-ல் கற்றோம்; சிலருக்கு நிச்சயம் தேவை என்பதை இப்போது கற்கிறோம்.

மூன்றாவதுதான் இன்னும் திரும்பவில்லை. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். இவர்களில் பெரும்பாலோர் ஆறு மாத மருந்தை முடித்துக் குணமாகிறார்கள். பதிவேட்டில் 'சிகிச்சை முடிந்தது' என்று எழுதிவிட்டால் கணக்கிலிருந்து வெளியே. ஆனால் பலருடைய நுரையீரல் பழையபடி ஆவதில்லை. வடு விழுந்த நுரையீரலோடு ஒருவர் மறுபடி செங்கல் சுமக்கப் போகிறார், மூட்டை தூக்கப் போகிறார். இரண்டு மாடி ஏறியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். மேஸ்திரி அடுத்த நாள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறார். கூலி குறைந்தால் சாப்பாடு குறையும், சாப்பாடு குறைந்தால் நோய் திரும்பும்.

ஆரோக்கியவரத்தில் சானடோரியத்தை ஒட்டியிருந்த அந்தக் குடியிருப்பு இவருக்காகத்தான் இருந்தது. இன்றைக்கு அப்படி ஒரு காலனி கட்ட வேண்டியதில்லை. மருந்து முடியும் நாளில் ஒரு ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி மூச்சின் அளவைப் பார்க்கும் சோதனை. குறைவாக வந்தவர்களுக்கு மூச்சுப் பயிற்சி. உடல் உழைப்புக் குறைந்த வேலைக்கு ஊரக வேலை உறுதித் திட்டத்திலும் மாவட்டத் திறன் பயிற்சி மையங்களிலும் முன்னுரிமை. இந்த மூன்றுக்கும் தனியாகப் பெரிய பணம் வேண்டாம். திருப்பதியிலும் வேலூரிலும் இத்தனை பெரிய மருத்துவமனைகளை வைத்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்து மாவட்டங்களிலேயே இதை முதலில் தொடங்கலாம். ஆந்திர அரசும் தமிழ்நாடு அரசும் டெல்லியிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.